புளி போட்டு மினுக்கிய நவாஹோ காப்பு

ஜெர்மனியின் எசன் நகரத்தில் வெள்ளி நகை வேலை பார்க்க என்னை விட்டால் ஆளில்லை. எங்கள் குடும்பமே நகைத்தொழில் பரம்பரை.

அத்தனையும் பொய். நான் ஒரு ரெஸ்டோரண்டில் சட்டி கழுவுகிறவன். வாழ்நாளில் செய்த ஒரே நகைவேலை, மனைவியின் தோட்டுத் திருகுச் சுரையைக் குளியலறைக் குழிக்குள் விழுத்தியது.

இந்தப் பொய்யைக் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவிடம் மாடிப்படியில் நின்று சும்மா அவிழ்த்துவிட்டேன். அடுத்த நாளே ஒரு காப்போடு வந்து நின்றார். அகலமான வெள்ளி, நடுவில் நீலக் கல். அமெரிக்காவில் நவாஹோ என்ற செவ்விந்தியர்கள் செய்த பழைய சாமானாம். செவ்விந்தியர் மாதிரி உடுத்திக்கொண்டு வார இறுதியில் காட்டுக்குள் கூடாரம் அடிக்கிற சங்கம் ஒன்றில் இவரும் இருந்தார். கல் ஆடுகிறதாம், சனிக்கிழமைக்குள் இறுக்கித் தர வேண்டுமாம்.

கல்லைப் பசை போட்டு ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளி கறுத்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, திருநீறு வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. கல்தான் பாசி நிறத்துக்குப் போய்விட்டது.

"என்னப்பா இது? கல்லு வாடிப்போச்சு!" என்றாள் மனைவி.

"வாடுறதுக்கு அதென்ன கீரையே?"

"கீரையெண்டாலும் சமைச்சிருக்கலாம். போய் உண்மையைச் சொல்லுங்கோ."

சொல்லத்தான் போனேன். அந்த அம்மா காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கறுப்புத்தான் இதன் வயது. அது எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அவர் கண் கலங்கியதும் என் வாய் தன்பாட்டில் ஓடியது. எங்கள் ஊர்ச் சடங்கு இது, கோயில் சாம்பலால் கழுவினால் போடுகிறவருக்குக் காவல் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. சனிக்கிழமை போய்ச் சங்கம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றோடு போனது என் நிம்மதி. சந்திக்க ஒரு நேரம் தாருங்கள் என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக டெர்மின் கேட்டு அலைந்த என்னிடம், தங்கள் காப்புகளையும் கழுவித் தரச் சொல்லி இப்போது ஜெர்மன்காரர் டெர்மின் கேட்கிறார்கள். அமாவாசை என்றேன். இடுப்புப் பிடிப்பு என்றேன். திருநீறு முடிந்துவிட்டது என்றேன். ஒருத்தி பேர்லின் முருகன் கோயிலுக்கே போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்துவிட்டாள்!

வாயைத் திறந்தால் கீழ்வீட்டு அம்மாவின் காப்பை நான் பாழாக்கியது தெரிந்துவிடும். மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பத்துக் காப்பு பாழாகும். இந்த வயதில், இந்த வாயோடு, என்னதான் செய்வது? கடைசியில் அவரிடமே உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். ஜெர்மனில் ஒரு வசனமும் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அது இப்படித் தொடங்கும்...

"இஞ்சருங்கோ! எழுதினது காணும், ஓடி வாங்கோ! கீழ்வீட்டு அம்மா வந்து நிக்கிறா. கூட ஆறு பேர். சப்பாத்தெல்லாம் கழட்டிப்போட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நிக்கினம்!"