நாலாவது வாழைக்காய்

விரல் முட்டியால் தட்டுகிறார் உச்சிமாகாளி. டொக். காதருகே வைத்து இன்னொரு தட்டு. டொக். இருபத்தொன்பது வருஷம் பஸ் டயரைத் தட்டிப் பார்த்த கை, இப்போது முக்கூடல் சந்தையில் மொந்தன் வாழைக்காயைத் தட்டுகிறது. அவர் ஒரு காய் பொறுக்குவதற்குள் மற்றவர்கள் ஒரு வாரத்துக் காய்கறியே வாங்கிப் போய்விடுவார்கள்.

“அண்ணாச்சி, காத்து அடைச்சா வச்சிருக்கேன்? தட்டுத் தட்டுன்னு தட்டுதியளே!” என்பார் காய்க்கடை ஞானசுந்தரி.

“பழுக்கப் போறதை என் தலையில கட்டிருவ தாயி. எனக்குக் கல்லு கணக்கா வேணும்.”

கல் மாதிரி நாலு காய். ஐந்தாவது கிடையாது. காம்பில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தாலும் திருப்பி வைத்துவிடுவார். இனிப்பு ஏறிய எதுவும் அவர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பழம் வாங்குவதை நிறுத்தி மூன்று மாதமாகப் போகிறது.

காரணம், மனைவி பிரம்மாச்சி. நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர். உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரை ஏறி முந்நூற்றுப் பத்தில் நின்றது. “மூணு மாசம் பார்ப்போம். இறங்கலேன்னா தினம் ஊசிதான்” என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பிரம்மாச்சிக்கு மற்ற எதற்கும் பயமில்லை. பீடிக் கம்பெனிக்காரன் இலையை எடை குறைத்துக் கொடுத்தால் நடுக்கடையில் நின்று அவன் மானத்தை வாங்கிவிடுவார். ஊசி என்றால் மட்டும் ஆள் வேறு. ஏழு வயதில் அம்மை ஊசிக்குப் பயந்து பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்து, சாயங்காலம் வரை வாழைத்தோப்பில் பதுங்கியிருந்தவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே உச்சிமாகாளி அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஊத்துத எண்ணெய்க்கு ரெண்டு ட்ரிப் திருச்செந்தூர் போயிட்டு வந்திருக்கலாம். தள்ளு.”

“தாராளமா பிடிச்சுக்கிடுங்க. அரிசி டிரம்மை மட்டும் தொடாதிய. உங்களுக்கு அளவு தெரியாது. ஒருநாள் கஞ்சி, ஒருநாள் களியாயிரும்.”

சரி என்றார். சோறு பிரம்மாச்சி, கறி இவர். இதுதான் உடன்படிக்கை.

அவர் வாழைக்காய்ப் பொரியல் செய்வதைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்வார், கறை பிடிக்காமலிருக்க. தோலை முழுக்கச் சீவமாட்டார். முதுகு நரம்பை மட்டும் எடுப்பார். வெட்டிய துண்டுகள் நேராக அரிசி களைந்த தண்ணீரில் விழும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காட்டில் வடித்துவிடுவார். இரும்புச் சட்டியில் ஒரே ஒரு கரண்டி நல்லெண்ணெய். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு. காயைப் போட்டு, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, மூடி போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“ரெண்டாவது கியர்லதான் போகணும்” என்பார், தீயைக் குறைத்து. “சும்மா சும்மா கிண்டப்படாது. ஸ்டியரிங்கை ஆட்டிக்கிட்டே இருக்கவன் டிரைவரா?”

தட்டில் வைத்தால் பிரம்மாச்சி முகம் சுளிப்பார். எண்ணெயில் முறுகி, தேங்காய் தூக்கலாக விழுந்த வாழைக்காயைத் தின்று வளர்ந்த நாக்கு.

“துஷ்டி வீட்டுல போடுத கறி கணக்கா இருக்கு. இங்க யாரு செத்தா?”

“யாரும் சாகப்படாதுன்னுதான் செய்யுதேன். தின்னு.”

பக்கத்தில் பீடி சுற்றும் கோமு சிரித்து நூலை விட்டுவிடுவாள். “எக்கா, எங்க வீட்டுக்காரரு வெந்நிகூடப் போடமாட்டாரு. பேசாம தின்னு.”

இவ்வளவு கறாரான மனுஷனுக்கு ஒரு கணக்கு மட்டும் இடித்தது. சனிக்கிழமை நாலு காய் வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு, புதன்கிழமை இரண்டு. புதன்கிழமை கூடையில் கைவிட்டால் ஒன்றுதான் இருக்கும். முதல் வாரம் தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டார். மூன்றாவது வாரம் சந்தைக்கே போய்விட்டார்.

“ஏம்மா, நாலுன்னு சொல்லி மூணு போடுதியா?”

ஞானசுந்தரி தராசைக் கீழே வைத்தார். “டயரு பாக்க மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டி நீங்களே பையில போட்டிய. எண்ணுதது கண்டக்டர் வேலை அண்ணாச்சி. டிரைவருக்கு எங்க வரப்போவுது?”

சந்தை சிரித்தது. வீட்டில் கேட்டால், பிரம்மாச்சி இலை வெட்டும் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எலி தூக்கிருக்கும்.”

எலிப்பொறி வந்தது. கூடைக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தார். தேங்காய் காய்ந்து சருகானது. எலி வரவில்லை. காய் மட்டும் வாரம் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

மூன்று மாதமும் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரம்மாச்சி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் வெளியிடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

“ஊசின்னு சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

“போ. இங்க சுவரு உயரம். ஏற முடியாது.”

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். “நூத்தி அறுபத்தெட்டு. நல்லா இறங்கியிருக்கும்மா. ஊசி இப்ப வேண்டாம், மாத்திரையே போதும். அப்படி என்ன சாப்பிட்டீங்க?”

“துஷ்டி வீட்டுக் கறி” என்றார் பிரம்மாச்சி.

டாக்டரம்மா விழிக்க, உச்சிமாகாளி வாழைக்காய்ப் பொரியலைக் கடுகிலிருந்து விளக்கினார். பின்னால் வரிசை நீண்டது.

“சரிங்கய்யா, சரி. ஆனா வாழைக்காயும் மாவுதான். அது ஒரு கை கூடுதலா வச்சா, சோத்துல ஒரு கை குறைச்சிருங்க. அவ்வளவுதான்.”

வீடு திரும்பியதும் பிரம்மாச்சி பீடிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். நடையில் ஒரு துள்ளல். வாசலில் நின்று திரும்பி, “நேரமாயிரும். இன்னைக்கு ஒருநா உலையில அரிசியும் நீங்களே போட்ருங்க. ரெண்டு படி போட்டுத் தொலைச்சிராதிய” என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக உடன்படிக்கை தளர்ந்தது. சந்தோஷத்தில் அவருக்கு வேறு எதுவுமே ஞாபகம் இல்லை.

உலை கொதித்தது. உச்சிமாகாளி டிரம்மைத் திறந்து அரைப்படியை உள்ளே விட்டார். டொக்.

கையால் அரிசியை விலக்கினார். மொந்தன் காய். போன சனிக்கிழமை அவரே தட்டிப் பொறுக்கியது. அரிசிச் சூட்டில் பாதி பச்சை, பாதி மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனார். வீட்டில் மூன்று மாதமாக இல்லாத வாசம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இன்னும் ரெண்டு நாள் ஆகும்.

ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தார். பிரம்மாச்சி தெருமுனையில் கோமுவிடம் கையை ஆட்டி ஆட்டி நூத்தி அறுபத்தெட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எலிப்பொறியைக் காலால் மூலைக்குத் தள்ளினார். காயை எடுத்த குழியிலேயே வைத்தார். அரைப்படி அரிசியை அளந்து, அதிலிருந்து ஒரு கை அள்ளினார். காயின் மேல் போட்டுப் பரப்பி, டிரம்மை மூடினார்.