ரூபினா உள்ளே விட்ட துணி

ரூபினா துணி திருடுவாள் என்று சொன்னால் கோட்டைமேட்டில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ரங்கநாயகி அம்மாள் சொன்னார். அதுவும் எல்லோர் முன்னாலும். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரூபினா எங்கள் தெருவில் ஜாக்கெட் தைப்பவள். பிள்ளைகள் வளரும், பெரியவர்கள் பெருப்பார்கள், பிரித்துவிட வேண்டிவரும் என்று தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுவாள். என் கல்யாண ஜாக்கெட்டை இரண்டு பிரசவத்துக்கு அப்புறமும் போட்டேன் என்றால் அந்தத் தாராளத்தால்தான். மிச்சத் துண்டைக்கூட ஜாக்கெட்டோடு சுருட்டிக் கொடுத்துவிடுவாள்.

ரங்கநாயகி அம்மாளுக்கு அன்னூரில் குயில்ட் போர்வை தைக்கும் ஷெட். ஒரே அளவாக வெட்டிய துண்டுகளைக் கொடுப்பார். அவற்றைச் சேர்த்துச் சதுரக் கட்டங்களாகத் தைத்துத் தரவேண்டும். ரூபினாவும் அந்த வேலையை எடுத்தாள். தையலுக்கு உள்ளே கால் இஞ்ச் மட்டும் விடச் சொல்லியிருந்தார். ரூபினாவுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. தன் வழக்கப்படியே விட்டாள்.

கட்டங்களைக் கோத்துப் பார்த்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். ரூபினாவின் கட்டங்கள் மற்றவர்களுடையதோடு பொருந்தவில்லை. எல்லாமே சின்னது.

"வெட்டிக் குடுத்த துணி எங்கம்மணி போச்சு? ஓரத்தையெல்லாம் நறுக்கி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?" என்றார் ரங்கநாயகி.

தையல்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? ரூபினா ஒரு கட்டத்தை எடுத்துக் குப்புறப் போட்டாள். ஒவ்வொரு தையலுக்குப் பின்னாலும் விரல் அகலத்துக்குத் துணி.

"ஏனுங்க, நல்லாப் பாருங்க. உங்க துணி அத்தனையும் இங்கதானுங்க இருக்குது. பின்னால பிரிக்க வேணும்னா ஆகுமேன்னு உட்டேனுங்க."

"போர்வையை யாரம்மணி பிரிச்சு உடுவாங்க?" என்று ரங்கநாயகி சிரித்தார். ஷெட்டே சிரித்தது.

தப்பு ரூபினாவுடையதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திருடி என்று சொன்னது சிரிப்போடு போய்விடுமா? 'தெரியாமச் சொல்லிப்போட்டேன்' என்று ஒரு வார்த்தை அந்த அம்மாள் வாயிலிருந்து வரவில்லை.

ரூபினா எல்லாவற்றையும் பிரித்தாள். மெஷினில் ஊசிக்குக் கால் இஞ்ச் தள்ளி டேப் ஒட்டி, துணி ஓரம் அதை ஒட்டியே போகும்படி திரும்பத் தைத்தாள். இப்போது அவள் கட்டங்கள்தான் ஷெட்டிலேயே சுத்தம். ரங்கநாயகியே எல்லோரிடமும் சொல்கிறார்.

ஆனாலும் ரூபினா கட்டங்களைக் குப்புறத்தான் மேசையில் வைக்கிறாள்.

"நல்ல பக்கத்தைக் காட்டம்மணி" என்பார் ரங்கநாயகி.

"மொதல்ல இந்தப் பக்கத்தப் பாத்துப்போடுங்க" என்கிறாள், கையை எடுக்காமல்.