ராபியா மேடமும் உப்பு வயலும்

ராபியா மேடம் காலமாகிவிட்டார். காலையில் பண்ணையில் மோட்டாரைப் போட்டுவிட்டு போனை எடுத்தால், கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் இந்தச் செய்தி...

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வாய்க்கால் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. காரைக்கால் டவுனில் பழைய வியாபாரக் குடும்பம், மகன்கள் துபாயில். எங்கள் வேளாண் கல்லூரியில் தன் உம்மா பெயரில் மாணவர்களுக்கு ஒரு பரிசு வைத்தார். அந்த வகையில் போர்டு மெம்பராகவும் ஆனார்.

நான் அங்கே பண்ணை மேலாளர். போர்டு மீட்டிங் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏசி ரூமில் உட்கார்ந்து என் வயலைப் பற்றிப் பேசுவார்கள், ஒருத்தரும் வயலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேடத்துக்கும் விவசாயம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் மறைக்க மாட்டார். முதல் தடவை வந்தபோது கோரைப் புல்லைக் காட்டி, "மாஷா அல்லா! நெல்லு என்னமா வளந்திருக்கு தம்பி!" என்றார். என் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களைவிடச் சத்தமாக அவரே சிரித்தார்.

ஒரே ஒரு பிடிவாதம். மாணவர் போட்ட பயிரைக் கண்ணால் பார்க்காமல் பரிசுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். "பொண்ணப் பாக்காம கல்யாணம் பேசுவாங்களா? அது மாதிரிதான்" என்பார். வருடா வருடம் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்து இறங்குவார்.

அப்புறம் அந்த வருடம் வந்தது...

பட்டினச்சேரி பக்கம் எங்களுக்கு ஒரு வயல் உண்டு. சுனாமியில் கடல்நீர் ஏறி நின்ற மண். கோடையில் பார்த்தால் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கும். அதில் எந்த நெல் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சியே.

மனை போட்டு விற்கிற ஒருவர் வந்தார். அந்த வயலைக் கொடுங்கள், ரோட்டோரமாக அதே அளவு நல்ல மண்ணாகத் தருகிறேன் என்றார். போர்டுக்கு ஒரே சந்தோஷம். ஆகாத நிலம் போகிறது, நல்ல நிலம் வருகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். "நல்ல நிலம் கெடைக்குதுன்னு அழுவுற ஒரே ஆளு நீங்கதான்யா" என்று போர்டு சேர்மன் சிரித்தார். வருடக்கணக்கில் பார்த்த வேலை, மாணவர்கள் போட்ட பயிர் எல்லாம் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீட்டிங் அன்று காலையில் பரிசு விஷயம், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் நில விஷயம். பரிசுப் பட்டியலில் இருந்த சுகன்யாவின் பயிர் அந்த உப்பு வயலில்தான் நின்றது. மேடம் வழக்கம்போலக் கிளம்பினார். ஆனால் தனியாக இல்லை.

"எல்லாரும் வாங்களேன். வேன் சும்மாத்தானே நிக்கிது? ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம்."

சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டவர்கள் யாரும் இன்றுவரை நம்பியதும் இல்லை.

சேர்மன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்த காட்சி இருக்கிறதே... அடடா.

சுகன்யா கிளிஞ்சல்மேட்டுப் பெண். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். முட்டிவரை சேற்றோடு நின்றாள்.

"என்னம்மா இது, அங்கங்க வெள்ளையா கெடக்கு?" என்றார் மேடம்.

"உப்புங்க மேடம். அதுலதான் இந்த நெல்லு நிக்கிது."

"பாவம்மா நீ. இனிமே நல்ல மண்ணு வருதாம், உனக்குச் சுலபமாப் போயிடும்."

அந்தப் பெண் முழித்தாள். "நல்ல மண்ணு எதுக்குங்க மேடம்? அதுல எந்த நெல்லு போட்டாலும் வருமே. எங்க ஊரு ஓரம் எல்லாம் இப்படித்தான் உப்பாக் கெடக்கு. அதுக்கு வழி தேடத்தானே இந்த வயலு?"

மேடம் சேர்மன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏங்க சார், அப்ப நமக்கு நல்ல நிலம் எதுக்கு?"

வேனில் ஏறும்போது சேர்மன் என்னிடம், "மதியம் அந்த நில ஐட்டம் வேணாம், எடுத்துடுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதியம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

பரிசு சுகன்யாவுக்குத்தான் என்று எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன். பார்த்தால், மேடம் கத்தரி போட்ட வேறொரு பையனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

நேரே வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். டீயை நீட்டினார்.

"அந்தப் பையனோட பயிரு நல்லா இருந்துச்சு, தம்பி. பரிசு அதுக்கு. வயல காப்பாத்திச்சுன்னு இந்தப் புள்ளைக்குக் குடுத்தா, அது பரிசு இல்ல, கூலி."

எனக்கு ஆறவே இல்லை. சுகன்யாவுக்கும்தான். பெருநாளைக்கு பிரியாணி அனுப்பினார், கோபத்தோடேயே இருவரும் சாப்பிட்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பெண் இன்று எங்கள் கல்லூரியிலேயே அதே உப்பு நெல்லில் வேலை பார்க்கிறாள். காலையில் போனில் அழுதுவிட்டாள்.

மதியம் ஜனாஸாவுக்குப் போனேன். அடக்கம் முடிந்து வெளியே வந்தால், மையவாடி வாசலில் அந்தப் பழைய சேர்மன் நின்றிருந்தார். ரிட்டயராகி நன்றாகத் தளர்ந்துவிட்டார்.

"அந்த வயலு இருக்குல்லய்யா?"

"இருக்கு சார். கதிரு வந்துடுச்சு."

"கூட்டிட்டுப் போறீங்களா?"

என் பைக்கிலேயே போனோம். மெதுவாக வரப்பில் இறங்கினார். ஒரு கதிரைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு இங்க வரலைன்னா, இந்த வயல குடுக்க நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்யா" என்றார்.

மேடம்... பயிர் நன்றாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.