முதல் உருண்டைப் புளி

பிலோமினாளுக்கு மூக்கு வேலை செய்யாது. பதினான்கு வயதில் அமிர்தி சாலையோரம் தோல் பதனிடும் ஷாப்பில் குரோம் மருந்து கரைக்கப் போனவள். இருபத்தாறு வருஷத்தில் அந்த மருந்து அவள் மூக்கின் நடுத்தண்டைத் தின்றது. விரல்களில் ஆறாத குழிகளைப் போட்டது. முதலாளி மட்டும் கொழுத்தார். எண்பத்தொன்றில் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாகி ஊர் கூச்சல் போட்டதும், ஷாப்பை இழுத்து மூடிவிட்டுப் பட்டணம் போய்ச் சேர்ந்தார். போகும்போது ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார், மகாபிரபு. அடுப்பு பற்றவைக்கக்கூட அது லாயக்கில்லை என்றாள் பிலோமினாள்.

ரெண்டு வருஷம் மனுமேல் மனு போட்ட பிறகு, இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. காண்டிராக்டர் கோபால்சாமி சுத்தம் செய்த லட்சணத்தைக் கேளுங்கள். கழிவுக் குட்டையின் மேல் நாலு லோடு செம்மண், சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலில் ரெண்டு குரோட்டன்ஸ் தொட்டி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் தோட்டத்தையே மறைத்தார். கூலிக்கு மண் கொட்டியவர்களில் பிலோமினாளும் ஒருத்தி. அதை நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஆனாலும் போனாள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மிச்சம் நாற்பது காலி மருந்துப் பீப்பாய்கள். அவற்றை வண்டி வைத்து அப்புறப்படுத்த மனசில்லாத கோபால்சாமிக்குத் திடீரென்று தர்மசிந்தை பிறந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, சவ்வாது மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். பங்குனி மாசம், மலையில் புளி உலுக்கும் காலம். உப்புப் போட்டு அடைத்துவைக்க ஓசியில் பீப்பாய் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

வருஷாவருஷம் பிலோமினாளுக்குச் சாமை கொண்டுவரும் பச்சையம்மாவும் ஒன்றை வாங்கிப்போயிருந்தாள். அடுத்த சந்தையில் அதைக் கேட்டதும் பிலோமினாள் அவளை ஓரமாக இழுத்துப்போனாள். கூட வேலை செய்த ஆதிநாராயணன் மருந்து டின்னில் ஊறுகாய் வைத்துத் தின்று பத்தே நாளில் மூத்திரம் அடைபட்டுச் செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

"அத துன்னாதீங்க பச்சையம்மா. புளிப்பு மருந்த இழுத்துக்கும். வூட்ல யாரும் தப்ப மாட்டீங்க."

"மூணு தபா சாம்பல் போட்டுக் கழுவிட்டேன்க்கா. கெவுருமெண்டு ஆளே குடுத்தாரு, கெட்டதையா குடுப்பாரு?"

"அவன் கெவுருமெண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கைய பாருங்க."

பச்சையம்மா அந்தக் குழிகளைப் பார்த்தாள், பாவம் என்றாள், நம்பவில்லை. ஒரு வருஷத்துப் புளியைக் கொட்டு என்றால் யார்தான் நம்புவார்கள்?

சுத்தம் செய்ததைப் பார்வையிட அதிகாரி லட்சுமணன் வந்த அன்று பச்சையம்மாவும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். பாத்திரம் கொடுத்தவருக்கு, அதில் அடைத்ததில் முதல் உருண்டை போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கொடுத்தவன் யோக்கியனா என்று அந்த வழக்கம் கேட்பதில்லை. மந்தார இலையில் கட்டிய புளியைக் கோபால்சாமியிடம் நீட்டினாள். அவர் அதை அப்படியே அதிகாரி கையில் வைத்தார்.

"மலைப் புளிங்க சார். வீட்டுக்கு."

ஜீப்பை விட்டு நாலடி நடந்து, செம்மண்ணை ஒரு பார்வை பார்த்து, 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார் லட்சுமணன். சிரித்துக்கொண்டே புளியை வாங்கினார். கூலியாட்கள் நடுவிலிருந்து பிலோமினாள் முன்னால் வந்தாள்.

"எடுத்துனு போங்க சார். இந்த ஷாப்பு மருந்துப் பீப்பாயில அடைச்ச புளிதான். நீங்கதான் எல்லாம் சுத்தம்னு எழுதிட்டீங்களே. வூட்டம்மாகிட்ட குடுத்து ரசம் வெக்கச் சொல்லுங்க."

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. கோபால்சாமியைப் பார்த்தார். கோபால்சாமி குரோட்டன்ஸைப் பார்த்தார்.

"எனக்குப் புளி ஒத்துக்காதும்மா," என்று பொட்டலத்தைச் சுவர்மேல் வைத்தார் லட்சுமணன். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையையும் எறிந்துவிட்டு ஜீப்பில் ஏறினார். கையெழுத்தை மட்டும் அவர் திருப்பி வாங்கவில்லை.

பிலோமினாளின் கைக் குழிகள் நம்பவைக்காததை அந்தக் கைக்குட்டை நம்பவைத்தது. பச்சையம்மா கீழே கிடந்த அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொடுறதுக்கே அவரு அருவருக்கிறாரு. இத என் புள்ளைங்களுக்கு ஊத்த இருந்தேனேக்கா."

அன்றே மலையேறிப் பீப்பாய் வாங்கிய வீடுகளிலெல்லாம் சொன்னாள். மறுநாள் காலையில் மலைப்பாதை வழியே பீப்பாய்கள் புளியோடு இறங்கி வந்தன. ஷாப்பு கேட்டின் முன்னால் வரிசையாக நின்றன. ஒரு வருஷப் பாடு வீணாய்ப் போனதைப் பார்த்துப் பச்சையம்மா அழுதாள். பிலோமினாளுக்கும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். தான் கூலிக்குக் கொட்டிய செம்மண்ணை எல்லோரும் பார்க்கத் தானே தோண்டினாள். ரெண்டாவது வெட்டிலேயே மஞ்சள் தெரிந்தது.