மருந்தடித்த கையின் நிறம்

என் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில். வரவழைத்தவள் நான்.

அப்போது தேனியில் போட்டோகிராபி படித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் பரவத் தொடங்கியிருந்த நேரம். கல்யாண ஸ்டூடியோக்காரர்களே பிலிமை விடலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். துறையில் இருந்த கேமராக்களை முறைவைத்து எங்களிடம் தருவார்கள். என் முறை வந்ததும் கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சுருளிப்பட்டிக்கு எடுத்துவந்து, எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அப்பாவைப் படம் எடுத்தேன். பந்தலுக்குள் வெளிச்சம் இலை வழியாக இறங்குவதால் படம் முழுக்கப் பச்சை அடித்திருந்தது. அதைச் சரிசெய்ய, படம் திருத்தும் சாப்ட்வேரில் சொட்டுக்குழல் மாதிரி ஒரு கருவி உண்டு. படத்தில் எது வெள்ளையோ அதன்மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். அதை வெள்ளையாக்கிவிட்டு மற்ற நிறங்களை அதற்கேற்ப மாற்றிவிடும். நான் நேராகப் போய் அப்பாவின் வேட்டியில் தட்டினேன்.

வெள்ளை வேட்டி என்றுதான் வீட்டில் பெயர். கடையில் வாங்கியபோது வெள்ளைதான். ஆனால் அது மருந்தடிக்கக் கட்டுகிற வேட்டி. திராட்சைக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்து அடிப்பார்கள். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால், இலைக்கு அடிப்பதில் பாதி அடிக்கிறவர் மேலேயே இறங்கும். கல்தூண், கம்பி, டிரம், வேட்டி எல்லாம் நாளடைவில் வெளிர்நீலமாகிவிடும். பிறந்ததிலிருந்து பார்த்த கண்ணுக்கு அது வெள்ளை. கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீலத்தை வெள்ளையாக்கச் சொன்னதும், அது சிரத்தையாக எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றிவைத்தது.

எனக்கோ அவசரம். சரியாகக்கூடப் பார்க்காமல் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இலையைத்தான் பார்த்தார்.

“ஏ ஆத்தா, இது நம்ம தோட்டமா? இலையெல்லாம் பழுத்துல்ல கெடக்கு. எந்தப் பக்கத்து வரிச இது?” என்று கேட்டபடியே செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டார்.

அம்மாதான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தடுத்தாள். “அட நில்லுங்க. அதுல இலை மட்டுமா, நீங்களுந்தான் பழுத்திருக்கீக.”

அதோடு அடங்குகிற ஆள் இல்லை நான். அந்த வருடம் முழுக்கக் கம்ப்யூட்டர் அறையே கதி என்று கிடந்தேன். சுருளி அருவியை ஊதா நிறத்தில் விழவைத்தேன். நெல்வயலுக்கு மேல் எங்கிருந்தோ வெட்டியெடுத்த மேகத்தை ஒட்டினேன். சூரியன் எந்தப் பக்கம் இருந்ததோ நிழலும் அதே பக்கம் விழுந்தது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒவ்வொருவராக அழித்து, டிரைவரை மட்டும் தன்னந்தனியாக மலையேற்றி அனுப்பினேன். அதைச் செய்து முடித்தபோது எனக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது. வகுப்பில் எனக்குக் ‘கலர்ப்பொடி’ என்று பெயர் வைத்தார்கள். அதையும் பட்டம் மாதிரிதான் சுமந்து திரிந்தேன்.

நூலகத்தில் ஒரு அலமாரி நிறையப் புகைப்படப் புத்தகங்கள் இருந்தன. ஆளுக்கொரு புகைப்படக்காரரை எடுத்துக்கொண்டு, அவர் படங்களை ஊன்றிப் பார்த்து, அவரைப் போலவே எடுத்துப் பழக வேண்டும் என்பது பாடம். கூலி வேலை செய்கிறவர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒருவரை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் படங்களில் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் உழுத சால் மாதிரி ஆழமாக இருக்கும். உடனே அப்பாவை வெயிலில் நிறுத்தி எடுத்து, நிறத்தையெல்லாம் உருவிவிட்டு, இருட்டை இன்னும் இருட்டாக்கி, வியர்வையைப் பளபளக்கவைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்பா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “என்ன ஆத்தா, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு இப்பமே எடுத்து வச்சுட்டியா?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கோபம் தணிந்தபின் பார்த்தால், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பாவை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத்தான் மறுபடி எடுத்திருந்தேன். படத்தில் இருந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற ஆள் இல்லை. அடுத்த முறை கேமரா கைக்கு வந்தபோது, எதையும் மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அது கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்து, புதுத் தளிர் விட்டிருந்த சமயம். சாரல் பெய்து ஓய்ந்ததும் அப்பா மருந்தடிக்க இறங்கினார். நான் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டிக் கேமராவுக்குள்ளேயே நிறத்தைச் சரிசெய்துகொண்டு, மழைக்கோட்டு மாட்டி அவர் பின்னாலேயே சுற்றினேன். இலையிலிருந்து சொட்டுகிற நீலம், அவர் புருவத்தில் தங்கிய நீலம், டிரம்மைக் கலக்கும் குச்சியிலும் அதைப் பிடித்த கையிலும் ஏறிய நீலம். நாள்தோறும் பார்த்தது கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கே கண்ணில் பட்டது. என்ன ஒரு அழகு, இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வருடக் கடைசியில் எங்கள் துறை ஒரு கண்காட்சி வைப்பது வழக்கம். அந்த முறை சென்னையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு புகைப்படக்காரர் பார்க்க வருவதாகவும், பிடித்த ஒருவரைத் தனக்கு உதவியாளராக எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கம்பத்தில் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் சேர வேண்டும். பெண்பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கல்யாண ஆல்பம் போடச் சொல்வார்கள். கேமராவைத் தோளில் மாட்டி வெளியே அனுப்பமாட்டார்கள். அதை நினைத்தாலே எனக்கு அழுகை முட்டியது.

கண்காட்சிக்கான படங்களைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் மேடம். சென்னைக்காரர், வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளதை உள்ளபடி காட்டும் படங்களுக்கென்று ஒரு பிரிவு வைத்திருந்தார். அதில் நிறத்தை மாற்றக் கூடாது என்பது விதி. நான் அந்தப் பிரிவுக்குத்தான் கொடுத்தேன். மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இந்த ப்ளூவை எவ்வளவு ஏத்தின?”

“ஏத்தவே இல்ல மேடம். அது மருந்து.”

“கலர்ப்பொடி, என்கிட்டயேவா?”

வகுப்பே சிரித்தது. கம்பம் பக்கத்துப் பிள்ளை அதில் நான் ஒருத்திதான். திராட்சைப் பந்தலுக்குள் மருந்தடிக்கிற நேரத்தில் நின்றவர்கள் வேறு யாரும் இல்லை. கேமராவின் கார்டைக் காட்டலாம் என்றால், அடுத்த மாணவருக்குக் கொடுக்கும் முன் அதை அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தாகிவிட்டது. என்னிடம் இருந்தது சீடி மட்டும். அருவியை ஊதாவாக்கியவள் கொண்டுவரும் சீடியை யார் நம்புவார்கள்? தோட்டத்துக்கு வந்து பாருங்கள் என்றுகூடக் கெஞ்சினேன். மேடம் கோபப்படாமல்தான் பதில் சொன்னார். “நான் வர்றேன்மா. ஆனா கண்காட்சிக்கு வர்ற எல்லாரையும் உங்க தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவியா? இந்தப் படத்தைப் பார்த்தா நம்பத் தோணல. வேற கொண்டு வா, டைம் இருக்கு.”

பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தித் தன் விரல்களைப் பார்த்தார். விசேஷ வீட்டுக்குப் போகிற நாட்களில் அம்மா புளியை உருட்டிக் கொடுப்பாள். செம்புக்குடம் விளக்குகிற மாதிரி அவர் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்போதும் நகக்கண்ணில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும். சபையில் கையை மடித்தே வைத்திருப்பார்.

“பொய்யின்னா சொன்னாக?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

“நான் கழுவியும் போகாம கெடக்கு. நீ பூசுனேன்றாகளா?”

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு இடம் கிடைக்காமல் போவதைவிட அது அதிகமாக வலித்தது.

மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களை வேறு கேள்வியோடு புரட்டினேன். யாரோ எங்கோ எடுத்த படத்தை நான் எப்படி நம்புகிறேன்? செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. முகம், சேலை, இமைமயிர் எல்லாம் செம்மண் நிறம். அது சாயம் ஏற்றிய படம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஏன் என்று அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலடியில் ஒரு வெள்ளைக் கோழி நின்றது. அதைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தேன். படம் முழுக்க சாயங்கால வெயில் அடித்ததுபோல, இல்லையென்றால் என்னைப் போல ஒரு கலர்ப்பொடி விளையாடியதுபோல ஆகிவிட்டது. விரலை எடுத்தேன். மறுபடியும் செங்கல் தூசி. நூலகம் என்பதை மறந்து கைதட்டிவிட்டேன்.

என் படங்களில் எல்லாமே நீலமாக இருந்தது. நீலமாகாத ஒன்று பக்கத்தில் இல்லை.

அடுத்த மருந்தடிப்புக்காகக் காத்திருந்தேன். அன்று காலையில் அப்பாவின் தோளில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டேன். “புதுத் துண்டு போட்டுக்கிட்டு மருந்தடிக்க நான் என்ன மாப்பிள்ளையா?” என்று முனகினாலும் போட்டுக்கொண்டார். நான் கேமராவைத் தூக்குவதற்குள் அதுவும் நனைந்து நீலமாகிவிட்டது. கல்தூணில் வெள்ளைத் தாளை ஒட்டிப் பார்த்தேன்; வீட்டுவரி நோட்டீஸ் ஒட்டிய மாதிரி இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. எரிச்சலில் எல்லோர் மேலும் பாய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது அம்மா சொம்பில் மோரோடு வந்தாள். மருந்தடித்த கையோடு சொம்பைத் தொடக் கூடாது என்று எப்போதும் அவளே பிடித்து வாயில் ஊற்றுவாள். அன்றைக்கு அப்பா தாகத்தில் தானாகக் கையை நீட்டிவிட்டார். அவர் நீலக் கை அவள் கைமேல் பட்டது. அவளுடைய கறுத்த விரல்கள், கண்ணாடி வளையல், சொம்பு நிறைய வெள்ளை மோர். என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“அப்படியே இருங்க! கைய எடுக்காதீங்க!”

இருவரும் பயந்துபோய் அப்படியே நின்றார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்பா வெட்கத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கையி கடுக்குதுடி,” என்றாள் அம்மா.

“விட்றாதம்மா.”

“நான் எங்கிட்டு விட. கல்யாணத்தன்னைக்குப் புடிச்சாக. அதுக்கப்பறம் இன்னைக்குத்தான் புடிச்சிருக்காக. அதுவும் மக சொல்லி.”

“மோரு புளிச்சிரப் போகுது. வெரசா எடு ஆத்தா,” என்றார் அப்பா, வாய்க்காலைப் பார்த்தபடியே. அவர் காது சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பில் கேமரா ஆடியது.

கம்ப்யூட்டர் அறையில் அந்தப் படத்தின் நிறத்தை நான் தொடவில்லை. கை துறுதுறுத்தது உண்மை. எதையாவது கொஞ்சம் ஏற்றலாமா என்று அடிக்கடி ஆசை வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்து கேமரா வாங்கவேண்டிய மாணவியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கார்டையும் அழிக்காமல் கொண்டுபோனேன்.

மேடம் பிரிண்டை மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தார். நான் கார்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத் தலைநிமிர்ந்தார்.

“அப்பாவுக்குக் கை எரியாதா?” என்று கேட்டார்.

“எரியும் மேடம்,” என்றேன். கார்டை அவர் கேட்கவே இல்லை. முதலில் வேண்டாமென்று ஒதுக்கிய படங்களையும் வாங்கி, அந்தப் படத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன ‘மன்னிச்சுக்கோமா’வை நான் இன்னும் மறக்கவில்லை.

கண்காட்சியன்று சென்னைப் புகைப்படக்காரர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, திராட்சைக்கு எப்போதெல்லாம் மருந்தடிப்பார்கள், மழையில் கரைந்துபோனால் திரும்ப அடிக்க வேண்டுமா என்றெல்லாம் விசாரித்தார். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது, பரீட்சை முடிந்ததும் சென்னைக்கு வந்துவிடச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்லூரி வாசலில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி, வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நம்புனாகளா?”

“நம்புனாகப்பா. எல்லாரும் நம்புனாக.”

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம்பாட்டியும் அது நீலந்தான் ஆத்தா,” என்றார். அப்புறம்தான் வேலையைப் பற்றிக் கேட்டார்.