போன் டாக்டரின் நாலு புள்ளி மூன்று

அலுவலகத்தில் அவரை எல்லோரும் போன் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையான டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தில் இந்தப் பட்டம் பெருமையா கேலியா என்று அவர் யோசித்ததில்லை. ஒன்பது வருஷமாக யோசிக்க நேரம் கிடைத்தால்தானே!

உடம்பு முடியாதவர்கள் போன் செய்து ஆலோசனை கேட்கும் நிலையம் அது. மூன்று மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு போன்கள், எல்லாம் இன்டர்நெட்டில் ஓடுபவை, எல்லாம் அவர் பொறுப்பு. இந்தப் போன்களில் ஒரு வில்லங்கம் உண்டு. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால், ஆளில்லை போலிருக்கிறது என்று ரவுட்டர் கதவைச் சாத்திவிடும். அப்புறம் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மணியடிக்காது. போன் மட்டும் பச்சை விளக்கோடு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் இருபது செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு போனும் ‘இருக்கிறேன்’ என்று சர்வருக்குத் தகவல் அனுப்பும்படி அமைத்திருந்தார்.

கூடவே யாரும் கேட்காத ஒரு வேலையும் செய்தார். பேசி முடித்ததும், குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று போனே ஐந்துக்கு மார்க் போடும் வசதியைத் திறந்துவிட்டார். தினமும் சராசரி மேலாளரின் திரைக்குப் போகும். நாலு புள்ளி மூன்றுக்குக் குறைந்ததே இல்லை. தன் அருமை நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற சின்ன ஆசைதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

மனைவியும் மகளும் ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. மாற்றல் கேட்டு நாலு வருஷமாக எழுதிக் கொடுத்தவருக்கு, இந்த வருஷம் அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியானது. தன் இடத்துக்கு வரும் இன்ஜினியருக்கு நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் முழுப் பொறுப்பையும் விட்டுப் பார்த்தார். லைனில் குரலுக்கு முதல் வழி விடச் சொல்லும் ஒரு கட்டம் திரையில் உண்டு, அதில் டிக் போட அந்தப் புது ஆள் மறந்துவிட்டார். சராசரி மூன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியது.

மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“நான் சொல்லலீங்க, உங்க ரிப்போர்ட்டே சொல்லுது. உங்களை எப்படி அனுப்புறது?”

“ஒரே ஒரு டிக் சார். போட்டாச்சு.”

“நாளைக்கு இன்னொரு டிக் வரும். அவர் மார்க்கும் உங்க மார்க்கும் ஒண்ணாகட்டும், பார்ப்போம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த இடத்துக்கு ஆள் போட்டாகணும்.”

ஜன்னல் இல்லாத தன் அறைக்குத் திரும்பினார். அந்த ஆள் மார்க்தான் ஏற வேண்டுமென்று என்ன கட்டாயம், என் மார்க் இறங்கக் கூடாதா? டிக்கை எடுத்தால் உடனே மாட்டிக்கொள்வார். வியாழக்கிழமை மத்தியானம், முதல் மாடிப் போன்களுக்கு மட்டும் இருபது செகண்டை அறுநூறாக்கினார். குழந்தைகளுக்கான மாடி அது. ஒன்றிரண்டு அழைப்பு தவறும், மார்க் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

முதல் மாடி அடங்கிப்போனது.

“என்ன இன்னைக்கு, எந்தப் பிள்ளைக்கும் ஜுரம் இல்லையா?” என்று ஒரு நர்ஸ் சோம்பல் முறித்தாள்.

அவர் சராசரியைப் பார்த்தார். நாலு புள்ளி நான்கு! லைனில் கூட்டம் குறைந்து மற்ற மாடிகளின் குரல் இன்னும் தெளிவாகிவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேசி முடித்த அழைப்புக்குத்தான் போன் மார்க் போடும். வராத அழைப்புக்கு மார்க்கே கிடையாது.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். அதற்குள் இருபத்தாறு நிமிஷம் ஓடியிருந்தது. சர்வர் பதிவில் நாற்பத்தோரு பேர் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள். ஓர் எண்ணிலிருந்து மட்டும் ஒன்பது தடவை. அவரே அந்த எண்ணுக்குப் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மேலாளர் தோளில் தட்டினார். “நாலு புள்ளி நாலு! இந்த ஜென்மத்துல உங்களை நான் விடமாட்டேன்.” நடந்ததைச் சொன்னால் இங்கிருந்து விடுதலை நிச்சயம். வேலையும் போகும், போலீசும் வரும். அவர் சிரித்து வைத்தார்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க ஆச்சு?”

“இங்கேயே இருக்கச் சொல்லிட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லல.”

அவள் கோபப்படவில்லை. “அப்பா வந்துடுவாருன்னு நாலு வருஷமா நான்தான் சொல்லிட்டிருக்கேன். இனிமே என்னால முடியாதுங்க. நீங்களே சொல்லிக்குங்க” என்றாள்.

போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.