சவரி அண்ணனின் கசெட்டில் ஒரு குலவை

போன கிழமை மார்க்கட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நல்ல மழை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வண்டிகள் நகரவே இல்லை. ஆட்டோக்காரர் நாற்பது வயதுத் தாடிக்காரர். மழைக்கு இரண்டு பக்கமும் ரெட்டுத் திரையை இறக்கிவிட்டு, போனில் எதையோ போட்டார். முதலில் பாட்டு வரவில்லை. ஒரு ஆள் மூச்சு இழுக்கும் சத்தம்தான் வந்தது. அவ்வளவுதான், மடியில் இருந்த மரக்கறிப் பை நழுவி லீக்ஸ் எல்லாம் காலடியில்.

"யாரும் பாடாத பாட்டும்மா இது. புடிக்காட்டி மாத்துறேன்."

"கைய வச்சீங்கன்னா எறங்கிருவேன்," என்றேன்.

அது சவரி அண்ணனின் மூச்சு. சாக்ஸபோனை வாயில் வைக்குமுன் நெஞ்சை விரித்து ஒரு இழுப்பு இழுப்பார். சட்டைத் தையல் தெறிக்கும். உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டவளே நான்தானே.

நனைந்த ரெட்டுக்கும் கஞ்சித் துணிக்கும் ஒரே வாசம். இளவயதில் இதே கண்டியில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். படிப்பு எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுதான். ஆனால் கஞ்சி என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். சவரி அண்ணன் சட்டையில் கொலர் தகடு மாதிரி நிற்கும், முதுகு மட்டும் அவர் மூச்சுக்கு வளைந்து கொடுக்கும். அப்படிப் போட அங்கே வேறு ஆள் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். அப்பா தப்பு மேளம் அடிப்பவர். மகன் கத்தோலிக்கச் சாமியார்மார் பள்ளிக்கூடத்து பேண்டில் ஊதக் கற்று, எங்கள் ஹோட்டலில் வெள்ளைக்காரர் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் சலவைப் பகுதிக்கு வந்துவிடுவார். நாங்கள்தான் சத்தம் என்று முறைப்பாடு சொல்ல மாட்டோம். ஜாஸில் தொடங்குவார், அது பைலா ஆட்டப்பாட்டுக்குத் தாவும், பைலா திடீரென்று தோட்டத்துத் தப்படிக்குள் போய் விழும்.

"என்னண்ணே, கேக்குக்கு மேல ரசத்த ஊத்துறீங்க?" என்று கேட்பேன்.

"தின்னு பாத்துட்டுப் பேசு தங்கச்சி."

தின்னத் தின்ன, உண்மையைச் சொன்னால், ருசியாகத்தான் இருந்தது.

அதை எல்லாம் ஆட்கள் முன்னால் வாசித்து அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. கொழும்பிலிருந்து ஒருவர் மெஷினோடு வந்தார். ஹோட்டல் மண்டபம் ஒரே ஒரு பின்னேரத்துக்குக் கிடைத்தது. கண்டி மேளத்துக்கு ஒரு சிங்கள மாமா. தப்புக்கு சவரி அண்ணனின் அப்பாவே வந்தார். நெஞ்சுச் சளிக்காரர், கை நடுங்கும். இன்னொரு தரம் மலையிறங்கி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அன்றைக்கும் இதே மாதிரி மழை. தப்புத் தோல் ஈரம் குடித்துச் சொத சொத என்று கிடந்தது. தப்பைத் தீயில் காய்ச்சாமல் அடிக்க முடியாது. ஹோட்டலுக்குள் எங்கே தீ மூட்டுவது? சவரி அண்ணன் என்னிடம் ஓடி வந்தார். கரண்ட் போகிற நாளுக்கென்று கரி இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தோம். நெருப்பைத் தகரத்தில் கொட்டி, தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். விரலால் தட்டினால் கணீர் என்றது. சூடு ஆறுமுன் தூக்கிக்கொண்டு ஓடினேன். சலவைக்காரிகள் மண்டபத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்பது சட்டம். தோல் மறுபடி இறங்கினால் என்ன செய்வது என்று கதவோரம் நின்றுவிட்டேன்.

மெஷின்காரர் வாயில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். தும்மக்கூட விடவில்லை.

அண்ணன் ஊதினார். ஐயோ, அந்த ஊதல்! வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கோப்பையைக் கீழே வைக்க மறந்துபோனாள். கண்டி மேளம் கேள்வி கேட்க, சாக்ஸபோன் பதில் சொல்ல, நடுவில் தப்பு புகுந்தது. சாமி வாசல் தாண்டும்போது நான் பிறந்த தோட்டத்திலும் ஒரு அடி அடிப்பார்கள். அதற்குப் பெண்கள் குலவை போடாமல் நின்றால் குறை. தப்படித்த கிழவர் அந்த அடிக்கு மாறினார்.

நான் போட நினைக்கவே இல்லை. நாக்கு தானாக எழுந்துவிட்டது.

மண்டபம் முழுக்க என் குலவை. மெஷின்காரர் தலையில் கை வைத்தார். சவரி அண்ணன் கண்ணைத் திறக்காமலே, என் குலவையை அப்படியே குழலில் வாங்கி, இன்னும் மேலே கொண்டுபோய் விட்டார். எனக்குக் காதுக்குள் இரைச்சல்தான். அவர் ஆயுள் ஆசையைக் கெடுத்துவிட்டேன் என்று கதவுத் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் மெஷின்காரர், "அந்த இடம் போச்சு, வெட்டணும்," என்றார்.

கிழவர் தப்பைத் தரையில் வைத்தார். "கொலவ இல்லாம சாமி வாசலத் தாண்டுமா? வெட்டுறதுன்னா என் அடியையும் சேத்து வெட்டிருங்க."

வெட்டவில்லை. கசெட்டுக்கு அட்டை அடிக்கும்போது அண்ணன் வந்து கேட்டார்: "எல்லார் பேரும் வருது. ஒன் பேரையும் போடச் சொல்லவா?"

"வேணாம்ணே. மண்டபத்துக்குள்ள நின்னது தெரிஞ்சா வேலை போயிரும்."

வேலை தப்பியது. அட்டை வந்ததும் எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பேராக வாசித்தேன். இல்லை என்று தெரிந்தும் இரண்டு தரம் வாசித்தேன்.

ஆட்டோக்காரர் சத்தத்தைக் கூட்டினார். "இப்ப ஒரு எடம் வரும் பாருங்க. பொம்பள சத்தம் மாதிரி. மெஷின்ல செஞ்சதாம்."

வந்தது. முப்பத்திரண்டு பல்லும் உறுதியாக இருந்த வயதில் நான் போட்ட குலவை.

"மெஷின் இல்ல தம்பி. அது நாந்தான்."

"பகிடி விடாதீங்கம்மா! அப்பிடின்னா இப்ப ஒண்டு போடுங்களே."

முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு நாக்கைச் சுழற்றினேன். வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் இல்லை, அவர் அப்பா இல்லை, மண்டபம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். என் முன்பற்களும் போய் எத்தனையோ வருசம். ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. வாய்க்கு முன்னால் முந்தானை ஆடிய அசைவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, பாட்டைத் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். இந்த முறை ரோட்டை விட்டு, பின்னால் திரும்பி என்னையே பார்த்தார்.

வீட்டடியில், மஹய்யாவையில் இறங்கும்போது லீக்ஸைப் பொறுக்கித் தந்துவிட்டு, "ஒங்கட பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். அப்பா பேரையும் சேர்த்து, நிறுத்தி, முழுசாகச் சொன்னேன்.